பலிபீடத்துக்குப் போகும் வழியில்

ஏழையிடம் பறித்ததைக் கொண்டுவந்து கடவுளுக்குக் காணிக்கை வைக்கிறவன், தகப்பன் கண்ணெதிரே அவன் பிள்ளையை வெட்டுகிறவனுக்குச் சமம். சீராக்கின் ஞானம் நூலின் 34ஆம் அதிகாரத்தில் இந்தப் பொருளில் ஒரு வசனம் வருகிறது. காணிக்கையைப் பற்றி இவ்வளவு கடுமையான பேச்சு விவிலியத்தில் வேறெங்கும் என் கண்ணில் பட்டதில்லை. அந்நூலை எழுதிய பென் சீரா அதோடும் நிறுத்தவில்லை. ஏழைக்கு அவன் சோறுதான் உயிர், அதைப் பறிக்கிறவன் கொலைகாரன் என்கிறார். கூலிக்காரனின் கூலியைப் பிடித்துவைத்துக்கொள்கிறவன் இரத்தம் சிந்துகிறவன் என்கிறார்.

இதை எழுதியவர் கோயிலை வெறுத்த கலகக்காரராக இருப்பார் என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படி இல்லை. பென் சீரா எருசலேமில் வாழ்ந்தவர், கோயிலை உயிராக நேசித்தவர். கி.மு. 180 வாக்கில் எபிரேயத்தில் எழுதினார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர். தம் பள்ளிக்கு வரும்படி நூலின் கடைசியில் இளைஞர்களை அழைக்கிறார். முன்னோர்களைப் புகழும் பகுதியில் மோசேக்கு ஒதுக்கிய இடத்தைவிடக் குருக்கள் குலத்தின் தலைவரான ஆரோனுக்குப் பல மடங்கு இடம் கொடுத்திருக்கிறார். கோயில், பலி, குரு இவற்றின்மேல் அவ்வளவு பற்று.

தமிழ் வாசகர்களில் பலருக்கு இந்த நூல் அறிமுகமாகி இருக்காது. கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் இது உண்டு. புராட்டஸ்டாண்ட் சபைகளின் வேதாகமத்தில் இல்லை. யூதர்களின் மறைநூல் தொகுப்பிலும் இல்லை. எங்கள் கோவிலில் திருக்குடும்பத் திருவிழா ஞாயிறன்று, தாய் தந்தையை மதிப்பதைப் பற்றிய மூன்றாம் அதிகாரத்தை வாசிப்பார்கள். என் சிறுவயதில் அது பிள்ளைகளுக்கான அறிவுரையாகத்தான் காதில் விழுந்தது. அந்த வாசகத்துக்குள் பாவக்கழுவாய் பற்றிய ஒரு பெரிய வாக்குறுதி இருப்பதை வெகுகாலம் கழித்துத்தான் கவனித்தேன். தந்தையை மதிப்பவர் தம் பாவங்களுக்குக் கழுவாய் தேடிக்கொள்கிறார் என்று அது தொடங்குகிறது. பெற்றோருக்குக் காட்டிய பரிவு மறக்கப்படாது, உன் பாவங்களுக்கு எதிராக அது உன் கணக்கில் நிற்கும், வெயில் பட்ட உறைபனிபோல உன் பாவங்கள் கரைந்துபோகும் என்று போகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வரி: தகப்பனுக்கு அறிவு மங்கிப்போனாலும் பொறுத்துக்கொள், உனக்குத் தெம்பு இருக்கிறது என்பதற்காக அவரை இழிவாக நடத்தாதே. நினைவு தப்பிய பெரியவர் இருக்கும் வீட்டில் இந்த வரியை வாசித்துப் பாருங்கள். கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்பவருக்கு எரிச்சல்படாமல் பதில் சொல்வது ஒரு பலிக்கு நிகராக எண்ணப்படும் என்று எருசலேம் கோயிலை நேசித்த ஒரு மனிதர் எழுதிவைத்திருக்கிறார்.

சரி, அப்படியானால் பலி எதற்கு, கோயில் எதற்கு? இங்கேதான் பெரும்பாலான பேச்சுகளும் பிரசங்கங்களும் ஓர் எளிய வழியைப் பிடித்துக்கொள்கின்றன. குருக்கள் சடங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், இறைவாக்கினர்களும் ஞானிகளும் அறத்தைப் பேசினார்கள், கடைசியில் அறம் வென்றது என்கிற கதை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த நூல்கள் இப்படிப் பேசவில்லை. பென் சீராவின் 35ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். பொல்லாப்பை விட்டு விலகுவதே கழுவாய் என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே ஆண்டவர் முன் வெறுங்கையோடு வராதே என்கிறார். ஒன்றைச் சொல்லி மற்றதைத் தள்ளவில்லை. தவக்காலத்தில் நாம் மனம் உருகிப் பாடும் 51ஆம் திருப்பாடலும் அப்படித்தான். பலியை நீர் விரும்புவதில்லை, நொறுங்கிய உள்ளமே உமக்கேற்ற பலி என்ற இடத்தில் பலரும் நிறுத்திக்கொள்கிறோம். கடைசி இரண்டு வசனங்களில் சீயோனின் மதில்களைக் கட்டும், அப்போது முறையான பலிகள் உமக்கு உகந்தவையாகும் என்று அந்தப் பாடல் பலிபீடத்துக்கே திரும்பிப் போகிறது.

எனக்குப் புரிந்த வரையில் இவர்கள் சொல்வது வரிசையைப் பற்றி. பலிபீடம் இருக்கிறது, அது புனிதமானது, அங்கே போகத்தான் வேண்டும். ஆனால் போகும் வழியில் ஒரு வீடு இருக்கிறது. நீ ஏமாற்றியவனின் வீடு. அங்கே இறங்கிக் கணக்கை முடித்துவிட்டுத்தான் மேலே நடக்க வேண்டும்.

இதை ஞானிகள் புதிதாகக் கண்டுபிடிக்கவும் இல்லை. குருக்களின் சட்டத்திலேயே இருக்கிறது. திருடியவன், அடைக்கலமாக வைத்த பொருளை இல்லையென்று சத்தியம் செய்தவன், அடுத்தவனைக் கசக்கிப் பிழிந்தவன் என்ன செய்ய வேண்டும் என்று லேவியர் நூல் விவரமாகச் சொல்கிறது. எடுத்ததை முழுதாகத் திருப்பிக் கொடு. அதன்மேல் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடு. உரியவன் கையில் கொடு. அப்புறம் குற்றநீக்கப் பலிக்கான செம்மறிக் கிடாயைக் குருவிடம் கொண்டுவா. எண்ணிக்கை நூல் இதோடு, செய்த குற்றத்தை வாயால் அறிக்கையிடவும் சொல்கிறது. கோயில் இடிந்த பிறகு கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா இந்தச் சட்டத்தைக் கடைசி எல்லைவரை கொண்டுபோகிறது. ஒரு பெருத்தா பெறுமானத்தைப் பறித்துவிட்டுப் பொய்ச்சத்தியம் செய்தவன் அதைத் திருப்பித் தர மேதியா நாடுவரை போக வேண்டியிருந்தாலும் போக வேண்டும் என்கிறது. பெருத்தா என்பது அன்றைய நாணயங்களிலேயே ஆகச் சிறியது. மேதியா இன்றைய ஈரானின் வடமேற்குப் பக்கம். ஒரு செப்புக் காசுக்காக அத்தனை தூரம் நடப்பது பொருளாதாரக் கணக்கில் அர்த்தமற்றதாகத் தெரியலாம். பறிகொடுத்தவனின் பக்கம் நின்று பார்த்தால் அப்படித் தெரியாது.

பங்கின் விவிலிய வகுப்பில் இந்தப் பகுதியைப் பேசிக்கொண்டிருந்தபோது பின்வரிசையில் இருந்த ஒரு பாட்டி கையைத் தூக்கினார். "அப்போ வட்டிக்கு வாங்கினவகிட்ட நெலத்தை எழுதி வாங்கிக்கிட்டு, பூசைக்கு மெழுகுதிரி வாங்கிக் குடுத்தா சரியாப் போகாதுங்குறியா தம்பி?" என்று கேட்டார். யாரை மனதில் வைத்துக் கேட்டாரோ, வகுப்பில் ஒரு கணம் யாரும் பேசவில்லை. "ஆகாது பாட்டி, அந்த நெலத்தைத் திருப்பி எழுதிக் குடுத்துட்டுத்தான் மெழுகுதிரி" என்றேன். பென் சீராவின் 34ஆம் அதிகாரத்துக்கு அவர் கேள்வியைவிட நல்ல விளக்கவுரை எந்த நூலகத்தில் கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

யூதர்களின் பாவக்கழுவாய் நாளுக்கு வருவோம். ஏழாம் மாதம் பத்தாம் நாள். ஆண்டுக்கு ஒரே நாள், ஒரே மனிதர், தலைமைக் குரு, கோயிலின் உள்ளறையான திருத்தூயகத்துக்குள் நுழைவார். மிஷ்னாவின் யோமா பகுதி அந்த நாளை நிமிடத்துக்கு நிமிடம் விவரிக்கிறது. ஏழு நாட்களுக்கு முன்பே அவரை வீட்டிலிருந்து பிரித்துக் கோயிலில் தங்கவைப்பார்கள். முந்தின இரவு தூங்க விடமாட்டார்கள். கண் சொக்கினால் இளம் குருக்கள் விரலைச் சொடுக்கி எழுப்புவார்கள். இரவு முழுக்க அவருக்கு நூல்களை வாசித்துக் காட்டுவார்கள். அந்தப் பட்டியலின் தொடக்கத்திலேயே யோபு நூல் இருக்கிறது. இது என்னை மிகவும் யோசிக்கவைத்தது. மக்கள் எல்லாருடைய பாவத்தையும் சுமந்து உள்ளே போகப்போகிறவரின் காதில், பாவம் செய்யாமலே துன்பப்பட்டவனின் குரலை ஊற்றுகிறார்கள். துன்பப்படுகிறவன் எல்லாம் பாவி என்று அடித்துச் சொன்ன நண்பர்கள்மீது அந்த நூலில் கடவுள் சினம் கொள்கிறார். அவர்கள் பலி செலுத்த, அவர்களுக்காக யோபுதான் வேண்டுதல் செய்ய வேண்டியிருக்கிறது. தவறிழைக்கப்பட்டவன் வேண்டிக்கொண்ட பிறகே தவறிழைத்தவர்களுக்கு மன்னிப்பு. தலைமைக் குரு தெரிந்துகொண்டு உள்ளே போக வேண்டிய பாடம் அது.

விடிந்ததும் சடங்குகள். அந்த நாளில் ஐந்துமுறை முழுகுவார், உடை மாற்றுவார். பொன் ஆடையைக் கழற்றிவிட்டு வெள்ளை நார்ப்பட்டு உடுத்தித்தான் திருத்தூயகத்துக்குள் போவார். காளையின் தலைமீது இரு கைகளையும் வைத்து முதலில் தன் பாவத்தையும் தன் வீட்டாரின் பாவத்தையும் அறிக்கையிடுவார். இரண்டாம் முறை குருக்கள் குலம் முழுவதற்கும். மக்களின் பாவம் மூன்றாவதாகத்தான் வருகிறது, அசசேலுக்கென்று, அதாவது பாலைநிலத்துக்கு அனுப்புவதற்கென்று, சீட்டு விழுந்த வெள்ளாட்டின் தலைமீது. அந்த ஆட்டைச் சிவப்புக் கம்பளி நூல் கட்டிப் பாலைநிலத்துக்கு ஓட்டிப்போவார்கள். பாவத்தைப் போக்க வருகிறவர் முதலில் தன்னைக் குற்றவாளியாக எல்லார் முன்னும் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்ற இந்த ஏற்பாடு, மனிதர்களை நன்றாகத் தெரிந்தவர்கள் செய்த ஏற்பாடு. உள்ளே போனால் நெடுநேரம் வேண்டிக்கொண்டு நிற்கவும் கூடாது. வெளியே மக்கள் பயந்துபோவார்கள் என்று சுருக்கமாக முடித்துக்கொண்டு வருவார். பத்திரமாக வந்துவிட்டால் நண்பர்களுக்கு விருந்து வைப்பார்.

அப்படி வெளியே வந்த ஒரு தலைமைக் குருவைப் பென் சீரா கண்ணால் பார்த்திருக்க வேண்டும். 50ஆம் அதிகாரத்தில் ஓனியாவின் மகன் சீமோன் திரைக்குப் பின்னிருந்து வரும் காட்சியை எழுதும்போது அவருக்கு உவமை போதவில்லை. முகில் நடுவே விடிவெள்ளி, விழாக்கால முழுநிலா, கோயில்மீது ஒளிரும் கதிரவன், வானவில், நீரோடை அருகே லீலி, காய்த்துக் குலுங்கும் ஒலிவமரம் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். எக்காளம் முழங்க மக்கள் முகங்குப்புற விழுந்து வணங்குகிறார்கள். அவர் பார்த்தது கழுவாய் நாளையா, அன்றாட வழிபாட்டையா என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது, பறித்த பொருளில் காணிக்கை வைத்தவனைக் கொலைகாரன் என்றவரும் இவரே என்பது. அந்தக் கோபமும் இந்தப் பரவசமும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. பலிபீடம் அவ்வளவு தூயது என்று நம்பியதால்தான் அதன்மேல் திருட்டுப் பொருளைப் பார்க்க அவரால் பொறுக்க முடியவில்லை. (பெண்களைப் பற்றி அவர் எழுதிய சில பகுதிகள் வாசிக்கவே வலிக்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவரை நேசிக்கிறவர்கள் அதையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும்.)

சடங்கை நம்பித் துணிந்து பாவம் செய்கிறவனை அவர் ஐந்தாம் அதிகாரத்திலேயே பிடித்துவிடுகிறார். பாவம் செய்தேன், எனக்கு என்ன ஆகிவிட்டது என்று சொல்லாதே. மன்னிப்பு கிடைத்துவிடும் என்ற தைரியத்தில் பாவத்தின்மேல் பாவம் குவிக்காதே. ஆண்டவரிடம் திரும்புவதை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போடாதே. 34ஆம் அதிகாரத்தின் கடைசியில், பிணத்தைத் தொட்டுவிட்டுக் குளித்தவன் மறுபடியும் பிணத்தையே தொட்டால் குளித்து என்ன பயன் என்று கேட்கிறார். நோன்பிருந்துவிட்டுப் போய் அதே பாவத்தைச் செய்கிறவனும் அப்படியே.

இந்தக் குரல் பிற்கால யூத மரபு முழுக்கக் கேட்கிறது. பாவம் செய்துவிட்டு மனம் திரும்பிக்கொள்ளலாம், மறுபடி செய்துவிட்டு மறுபடி திரும்பிக்கொள்ளலாம் என்று திட்டம் போடுகிறவனுக்குத் திரும்ப வாய்ப்பே கொடுக்கப்படாது என்று யோமாவின் கடைசி அதிகாரம் சொல்கிறது. கழுவாய் நாள் பார்த்துக்கொள்ளும் என்பவனுக்குக் கழுவாய் நாள் பலிக்காது. மனிதனுக்கும் கடவுளுக்கும் இடையிலான குற்றத்தைக் கழுவாய் நாள் போக்கும். மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையிலான குற்றத்தை, அந்த மனிதனைச் சமாதானப்படுத்தும்வரை போக்காது. செத்த ஊர்வனவற்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவன் எருசலேமின் சிலோவாம் குளத்து நீரில் முழுகினாலும், உலகத்துத் தண்ணீர் அத்தனையிலும் முழுகினாலும் தூய்மையாக மாட்டான், அதை வீசி எறிந்துவிட்டால் சிறு நீர்த்தொட்டியே போதும் என்று இன்னொரு பழைய தொகுப்பான தொசெப்தா சொல்கிறது. எருசலேம் கோயிலோடு ஒட்டாமல் விலகி வாழ்ந்த குமரான் குழுவினரின் ஒழுங்குநூலும், திரும்ப மறுப்பவனைக் கடலும் ஆறும் தூய்மையாக்காது என்கிறது. ஒன்றோடொன்று ஒத்துப்போகாத தரப்புகள் இவை. இந்த ஓர் இடத்தில் எல்லாரும் ஒன்றாக நிற்கிறார்கள். சகோதரனுக்கு உன்மேல் மனக்குறை இருக்குமானால் காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டுப் போய் முதலில் நல்லுறவு செய்துகொள் என்று இயேசு சொன்னபோது, கேட்டவர்களுக்கு அது அந்நியமாக இருந்திருக்காது.

கி.பி. 70இல் ரோமர்கள் கோயிலைக் கொளுத்தினார்கள். யூத ஆசிரியரான ரபி யோகனான் பென் சக்காயும் அவர் சீடர் யெகோசுவாவும் இடிபாடுகளைக் கடந்துபோன நிகழ்ச்சியை ஒரு பழைய நூல் சொல்கிறது. பாவங்களுக்குக் கழுவாய் கிடைத்த இடம் பாழாகிவிட்டதே என்று சீடர் அழுகிறார். "மகனே, வருந்தாதே, இதற்கு நிகரான இன்னொரு கழுவாய் நமக்கு இருக்கிறது" என்கிறார் ஆசிரியர். இரக்கச் செயல்களைத்தான் சொல்கிறார். பலியையல்ல, இரக்கத்தையே விரும்புகிறேன் என்ற ஓசேயாவின் வாக்கை எடுத்துக்காட்டுகிறார். அவரால் அந்த இடத்தில் அப்படிச் சொல்ல முடிந்ததற்கு, எரிகிற நெருப்பைத் தண்ணீர் அணைப்பதுபோல ஈகை பாவத்துக்குக் கழுவாயாகும் என்று பென் சீரா போன்றவர்கள் கோயில் நின்றுகொண்டிருந்த காலத்திலேயே சொல்லிவைத்ததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

வழிபாடும் அழியவில்லை, வார்த்தைகளாக மாறியது. இன்றும் கழுவாய் நாளில் தொழுகைக்கூடங்களில் தலைமைக் குருவின் அன்றைய பணிகளை வரிசையாகப் பாடுகிறார்கள். அவர் திருத்தூயகத்திலிருந்து வெளியே வந்த அழகைப் போற்றும் பாடல் ஒன்று அதில் உண்டு. அதன் மூலம் பென் சீராவின் 50ஆம் அதிகாரம். மறைநூல் தொகுப்பில் இடம் கிடைக்காத ஒரு நூல், ஆண்டின் மிகப் புனிதமான நாளின் வழிபாட்டுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. பாவ அறிக்கையும் அந்த நாளில் திரும்பத் திரும்ப வருகிறது, எபிரேய அகரவரிசைப்படி, நெஞ்சில் தட்டிக்கொண்டு. நான் செய்தேன் என்று இல்லை, நாங்கள் செய்தோம் என்று. பிற்பகலில் யோனா நூலை வாசிக்கிறார்கள். நினிவே மக்களின் சாக்குத்துணியையும் நோன்பையும் கடவுள் கண்டார் என்று அங்கே எழுதியில்லை, அவர்கள் தீய வழியைவிட்டுத் திரும்பிய செயல்களைக் கண்டார் என்றே எழுதியிருக்கிறது என்று மிஷ்னாவில் ஒரு மூத்தவர், நோன்பிருக்கும் கூட்டத்துக்குச் சொல்லிக்கொடுக்கிறார்.

அயலான் செய்த தவறை மன்னி, அப்போது நீ வேண்டும்போது உன் பாவமும் மன்னிக்கப்படும் என்று 28ஆம் அதிகாரத்தில் பென் சீரா தவறிழைக்கப்பட்டவனுக்கும் ஒரு வேலை கொடுக்கிறார். மிஷ்னாவுக்கு விளக்கமாக வளர்ந்த தால்முத் அதைக் கதைகளாக ஆக்கி வைத்திருக்கிறது. ரபி செய்ரா, தனக்குத் தீங்கு செய்தவன் இருக்கும் பக்கமாகவே போய்வந்துகொண்டிருப்பாராம், அவன் மன்னிப்புக் கேட்க வசதியாக இருக்கட்டுமென்று. ராவ் என்ற பேரறிஞரின் கதை கடினமானது. அவர் பாடம் வாசித்துக்கொண்டிருந்தபோது பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொருவருக்காகவும் தொடக்கத்திலிருந்து வாசித்தார். கடைசியாக ரபி கனினா வந்தபோது, இன்னும் எத்தனை தடவை திரும்பிப் போவது என்று வாசிப்பைத் தொடர்ந்துவிட்டார். கனினாவின் மனம் நொந்தது. பதின்மூன்று ஆண்டுகள், ஒவ்வொரு கழுவாய் நாளுக்கு முந்தின நாளும் ராவ் போய் மன்னிப்புக் கேட்டார். கிடைக்கவில்லை. இவ்வளவு சின்ன விஷயத்துக்கா என்று நமக்குத் தோன்றும். ஆனால் காயத்தின் அளவைத் தீர்மானிக்கும் உரிமையைப் பட்டவரிடமே அந்தக் கதை விட்டுவிடுகிறது.

காயம்பட்டவர் இறந்துபோனால்? 12ஆம் நூற்றாண்டில் எகிப்தின் புஸ்தாத் நகரில் வாழ்ந்த யூதச் சட்ட அறிஞர் மைமோனிதிஸ் அதற்கும் சட்டம் எழுதினார். அதே புஸ்தாத்தின் தொழுகைக்கூடத்துப் பழஞ்சுவடி அறைதான், பல நூற்றாண்டுகளாகக் காணாமல் போயிருந்த பென் சீராவின் எபிரேய ஏடுகளைத் திருப்பிக் கொடுத்தது. 1896இல் இரட்டைச் சகோதரிகள் இருவர் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்த ஏடுகளில் ஒன்றை அறிஞர் ஷெக்டர் அடையாளம் கண்டார். மைமோனிதிஸின் சொந்தக் கையெழுத்துத் தாள்களும் அந்த அறையில் கிடைத்தன. அவர் எழுதிய சட்டம் இது: மன்னிப்புக் கேட்குமுன் அவர் இறந்துவிட்டால், பத்துப் பேரை அழைத்துக்கொண்டு கல்லறைக்குப் போ. இஸ்ரயேலின் கடவுளுக்கும் இந்த மனிதருக்கும் எதிராகப் பாவம் செய்தேன், இன்னது செய்தேன் என்று அவர்கள் கேட்கச் சொல். பணம் தரவேண்டியிருந்தால் வாரிசுகளிடம் கொடு. வாரிசுகள் யாரென்று தெரியாவிட்டால் பணத்தை நீதிமன்றத்தில் ஒப்படைத்துவிட்டு அறிக்கையிடு.